மூட முடியாத கண்

இல்லம்மா, வலி இல்ல. சொட்டு விட்டதுமே மரத்துப்போச்சு. எமையில இந்தக் கிளிப்பு மாட்டினப்பதான் என்னமோ மாதிரி இருந்துச்சு. கண்ண மூடணும்னு தோணுது, மூட வரல. அதான் பேஜாரா இருக்கு. அம்பது வருசத்துக்கு மேல மூடித் தொறந்துக்கிட்டிருக்கேன், ஒரு நாள்கூட அதப்பத்தி நெனச்சதில்ல. இப்போ மூட முடியாதுன்னதும் வேற நெனப்பே வரமாட்டேங்குது.

பேசலாம்ல? தலைதான் ஆட்டக் கூடாது. சரி. கையுமா? இல்ல இல்ல, ஆட்டல. விரல்தான் தானா என்னமோ பண்ணுது. துணி போத்துங்க, பரவாயில்ல. குளுரெல்லாம் இல்ல, இருந்தாலும் போத்துங்க.

டாக்டர் மேடம் வர்றவரைக்கும் இந்தச் சொட்டு விட்டுக்கிட்டே இருப்பீங்க, அப்படித்தானே. நல்லா ஊறணும், அப்புறம் லைட்டு. வைட்டமின் தண்ணின்னு சொன்னாங்க, மஞ்சளா இருக்கும்னாங்க. மஞ்சளாத்தான் இருக்கு. நீங்க, சீலிங்கு, அந்த மெசினு எல்லாம் ஒண்ணாக் கலந்து ஒரே மஞ்சக் கொழம்பு. உங்க மொகமே எனக்குத் தெரியாது பாருங்க. சிந்தியான்னு மேடம் கூப்பிட்டாங்க, தமிழ்ல பதில் சொன்னீங்க, அப்பாடான்னு இருந்துச்சு. எந்தப் பக்கம் வீடு? காக்ஸ் டவுனா! அப்போ வெளிய ஒரு பெரியவர் உக்காந்திருக்காரே, டெஸ்மண்ட்னு, அவரத் தெரியுமா? தெரியாதா. காக்ஸ் டவுன்னா எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் சொந்தம்னு நெனச்சேன். கோவிச்சுக்காதீங்க. நான் ஸ்ரீராம்புரத்துல பொறந்தவன், அங்க பூரா நம்ம தமிழாளுங்கதான். எங்களையும் அப்படித்தான் கேப்பாங்க.

அந்த டெஸ்மண்ட் சாருக்கும் இதே லைட்டுதானாம். கேட்ராக்ட் பண்ணினதுக்கப்புறம் கருவிழி நீர் கோத்து வீங்கிடுச்சாம், வலி தாங்கலயாம், அது அடங்கட்டும்னு லைட்டு வெச்சாங்களாம். அவருக்குப் பக்கத்துல ஒரு காலேஜ் பையன், அவனுக்கு கருவிழி கூம்பு மாதிரி முன்னாடி தள்ளிக்கிட்டு வருதாம், அதுக்கும் லைட்டு. எனக்குப் பூஞ்சைப் புண்ணு, எனக்கும் லைட்டு. என்னடா இது, எந்தக் கம்ப்ளெய்ன்ட்டுக்கும் ஒரே வைத்தியமான்னு சந்தேகம் வந்துருச்சு. மேடம்கிட்ட கேட்டேவிட்டேன். அவங்க சிரிச்சாங்க. மொதல்ல அந்தப் பையன் மாதிரி ஆளுங்களுக்குன்னு வந்த வைத்தியம்தானாம், தொளதொளன்னு ஆன கருவிழிய இறுக்கறதுக்கு. அப்புறம்தான் மத்ததுக்கெல்லாம் வெச்சுப் பார்க்க ஆரம்பிச்சாங்களாம். லைட்டும் மருந்தும் சேந்தா கிருமி சாகும், கருவிழியும் கரையாம நிக்கும்னு ஒரு நம்பிக்கை. பூஞ்சைக்கு எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல மாட்டேன், புண்ணு ஆழமாப் போயிருந்தா கஷ்டம், உங்களுது இன்னும் ரொம்ப ஆழம் போகல, அதான் பார்க்கலாம்னு சொல்றேன், சொட்டு மருந்தும் விடாமப் போடணும்னாங்க. நல்ல மாதிரி. ஒளிக்காம சொன்னாங்க.

கேக்கலன்னாவா? கருவிழி மாத்தணும். புண்ணோட மாத்தினா புதுசும் கெட்டுப்போகலாமாம். அதுக்கு மேல நான் கேக்கல.

எப்படி வந்துச்சா? சொன்னா சிரிப்பீங்க. வாழ இலை. ஆமாம்மா, நெசமா. ஆயுத பூஜ அன்னிக்கு ஸ்கூட்டரக் கழுவிப் பொட்டு வெச்சு, ஹேண்டில் ரெண்டு பக்கமும் வாழக் கன்னு கட்டினேன். இந்த ஊர்ல யாரு கட்டல? பஸ்ஸு, லாரி, ஆட்டோ, எல்லாம் ஒரு வாரத்துக்கு வாழத் தோப்பாட்டம்தானே ஓடுது. வீடு சந்தாபுரா, வேலை பொம்மசந்திரால ஒரு கம்பெனில, ஸ்டோர்ஸ் பார்த்துக்கறேன். மறுநாள் அதோடவே ஓட்டிக்கிட்டுப் போனேன். அவ வேண்டாம்னா. பாகீரதி, என் ஒய்ஃப்பு. கன்ன அவுத்துட்டு ஓட்டுன்னா. நான் ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டுப் பார்க்காத மாதிரி கெளம்பிட்டேன். சந்தாபுரா சர்க்கிள் தாண்டினதும் ஒரு லாரி பக்கத்துல போச்சு, அந்தக் காத்துல இலை கிழிஞ்சு வந்து சப்புன்னு கண்ணுல அடிச்சுது. கண்ணாடிய எறக்கி விட்டிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. வேர்க்குதுன்னு தூக்கி விட்டிருந்தேன்.

கத்தி இல்ல, கல்லு இல்ல. ஒரு இலை. அதுவும் சாமிக்குக் கட்டினது.

அப்புறம் எல்லாரும் பண்றததான் நானும் பண்ணினேன். தண்ணி விட்டுக் கழுவினேன். செவந்துச்சு. மெடிக்கல்ல போய்ச் சொன்னேன், ஒரு சொட்டு மருந்து எடுத்துக் குடுத்தான். போட்டதும் செவப்பு போச்சு, ஆராமா இருந்துச்சு. சரியாயிருச்சுன்னு நெனச்சேன். உள்ள அது பாட்டுக்கு வளந்துக்கிட்டிருக்கு. மேடம் அந்தப் பாட்டில வாங்கிப் பார்த்துட்டு, இது ஸ்டீராய்டுன்னாங்க. பூஞ்சைக்கு நீங்களே சோறு போட்டு வளத்திருக்கீங்கன்னு மட்டும் சொன்னாங்க.

அடுத்த சொட்டா? விடுங்க. உள்ள எறங்கறதுகூடத் தெரியல.

ஆமா, வெளிய ஜன்னல் பக்கத்துல உக்காந்திருக்கறதுதான் பாகீரதி. கூப்பிட்டீங்களா? திரும்பலயா? அது திமிரு இல்லம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. அவளுக்குக் காது கேக்காது. பொறந்ததுலேருந்தே. பேச்சும் இல்ல. முன்னாடி போய் நின்னாத்தான் தெரியும்.

ஐயோ, அதுக்கு எதுக்கும்மா சாரி? எல்லாரும் இதையே சொல்றாங்க. அவ உங்கள விட நல்லா ஊர் வம்பு பேசுவா. கையிலதான் பேச்சு. அவ படிச்ச ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தது கொஞ்சம், எங்க வீட்டுக்குன்னு நாங்களே உண்டாக்கினது மிச்சம். எங்க வீட்டு ஓனருக்கு ஒரு சைகை வெச்சிருக்கா, அத நீங்க பார்த்தா விழுந்து விழுந்து சிரிப்பீங்க, இப்போ என்னால கைய ஆட்டிக் காட்ட முடியாது. நான் பேசறத வாயப் பார்த்தே புரிஞ்சுக்குவா. தமிழ்லயும் சரி, கன்னடத்துலயும் சரி. சேல முந்தானைக்குக் குஞ்சம் மாதிரி குச்சு கட்டுவா, அதுக்கு வர்ற பொம்பளைங்ககிட்ட ரேட்டு பேசறதுகூட விரல்லதான். ஒருத்தியும் அவகிட்ட ஜெயிச்சதில்ல.

பசங்க இல்ல. நாங்க ரெண்டே பேருதான்.

அதனால டாக்டர்கிட்ட, பேங்க்ல, எங்க போனாலும் நான்தான் நடுவுல. அவங்க சொல்றத நான் கேட்டு, அவ பக்கம் திரும்பி வாய அசைச்சுச் சொல்வேன். அன்னிக்கு மேடம் மாஸ்க் போட்டுக்கிட்டு எவ்வளவு நேரம் பேசினாங்க தெரியுமா? புண்ணு, பூஞ்சை, கேக்கலாம், கேக்காமலும் போகலாம், மாத்தறது, கெடறது. எல்லாத்தையும் கேட்டுட்டு நான் இவ பக்கம் திரும்பி, லைட் வைப்பாங்க, சரியாயிடும்னேன். அவ்வளவுதான். அவ்வளவுதானான்னு மேடமே கேட்டாங்க. அவ்வளவு பேச்சு இத்துனூண்டாச் சுருங்கிடுச்சேன்னு நெனச்சிருப்பாங்க. பாகீரதியோட தல மேடம் பக்கமும் என் பக்கமும் மாறி மாறித் திரும்பறது நிழலாட்டம் தெரிஞ்சுது. எங்கிட்ட ஒண்ணும் கேக்கல. கேட்டாளோ என்னமோ. எனக்குத் தெரியல.

அதான்மா விசயமே. எனக்குத் தெரியல.

என் இடது கண்ணு இருக்கே, அது சின்ன வயசுலேருந்தே சோம்பேறி. இருக்கும், பார்க்காது. அவளுக்கும் அது தெரியும், கல்யாணத்துக்கு முன்னாடியே சொன்னதுதான். எல்லாம் இந்த வலது கண்ணுதான். இப்போ அதுல பால் ஊத்தின மாதிரி இருக்கு. மேடம் வலத மூடிட்டு இடது கண்ணு முன்னாடி விரல நீட்டி எத்தனைன்னாங்க. ஏதோ அசையுதுன்னேன். எத்தனைன்னு சொல்லுங்கன்னாங்க. தெரியலன்னேன். அத அவளுக்குச் சொல்லல. இடது கண்ணு சமாளிக்குது, உன்ன நல்லாத் தெரியுதுன்னு சொல்லிட்டேன்.

விரல் எத்தனைன்னு தெரியாதவனுக்கு அவ பேச்சு எங்கேருந்து புரியும்?

மூணு வாரமா நடிச்சுக்கிட்டிருக்கேன். அவ என் முன்னாடி வந்து நிக்கறா, கை அசையுது, நிழலாட்டம். காலைலன்னா காபியா இருக்கும்னு தலையாட்டறேன். மத்தியானம்னா சாப்பாடு. சாயங்காலம் கை கொஞ்சம் நெறைய அசைஞ்சா மேல் வீட்டுப் பொம்பளையப்பத்தி ஏதோ சொல்றான்னு சிரிச்சு வெக்கறேன். பாதி சரியாப் போயிடும். ஒரு நாள் தட்டுல கைய வெச்சா பாவக்காய். நான் பாவக்காயத் தொட மாட்டேன், அது அவளுக்கு நல்லாத் தெரியும். செய்யட்டுமான்னு கேட்டிருப்பா போல, நானும் சரின்னு ஆட்டியிருப்பேன் போல. என்ன பண்றது, எதிர்ல உக்காந்திருக்கா. முழுசும் தின்னேன். நல்லாருக்குன்னு வேற சொன்னேன்.

ஏன் சொல்லலன்னா? அதத்தான் நானும் எங்கிட்டயே கேட்டுக்கிட்டிருக்கேன். அவ பயந்துருவான்னு சொல்லிக்கறேன். அது பொய்யோன்னும் தோணுது. அவ பயப்படற ஆள் இல்ல. எனக்குத் தெரியலன்னு சொல்லிட்டா அவ கைய எறக்கிருவாளே, அப்புறம் வீட்ல யாரு பேசறது? நிழலாவது அசையட்டும், அவ எங்கிட்டப் பேசறான்னாவது தெரியட்டும்னு விட்டுட்டேன். எழுதிக் காட்டலாம், எழுத்தும் தெரியாது எனக்கு இப்போ. ஒரே வீட்ல ரெண்டு பேரு. நான் சொல்றது அவளுக்குப் போகுது, அவ சொல்றது எனக்கு வரல. உள்ள வெச்சுப் பூட்டின மாதிரி இருக்கும்மா. யாரு உள்ள, யாரு வெளியன்னுதான் தெரியல.

யாரு வர்றது, மேடமா? வாங்க மேடம். ஆராமா இருக்கேன். சரி, இங்கயே பார்க்கறேன். இதுவா லைட்டு? நான் பெருசா என்னமோ நெனச்சேன். நீலமா, ஊதாவா... கடைல ஈ புடிக்க வெப்பாங்களே, அந்த மாதிரி. சூடு இல்ல. ஒண்ணுமே தெரியல.

போயிட்டாங்களா? அந்தக் கண்ணாடிக்குப் பின்னாடிதான் இருக்காங்களா. சரி, மெதுவாப் பேசறேன். நடுவுல சொட்டும் விடணுமா? விடுங்க.

என்னமோ சொல்ல வந்தேனே. ஆங், இந்தக் கிளிப்பு. இத நெனச்சா எனக்குச் சிரிப்பு வருதும்மா. சிரிச்சா ஆடும், சிரிக்கல. எங்க வீட்ல சண்டை எப்படி நடக்கும்னு நெனைக்கறீங்க? மத்த வீட்ல கத்துவாங்க, கதவச் சாத்துவாங்க. எங்க வீட்ல நான் கண்ண மூடிக்குவேன். அவ்வளவுதான், தீந்தது. அவ எவ்வளவு ஆட்டினாலும் எனக்கு ஒண்ணும் இல்ல. நான் சொல்றத மட்டும் சொல்லிட்டு மூடிக்குவேன். அவளால காத மூடிக்கக்கூட முடியாது, அது ஏற்கனவே மூடித்தான் இருக்கு. வளையல் சத்தம் மட்டும் கேக்கும். அது அதிகமாகும், அப்புறம் கொறையும், அப்புறம் நிக்கும். நின்னதும் தொறப்பேன். ஜெயிச்சாச்சு.

ஒரு தடவ, சும்மா சொல்லல, நெசமாவே, என்ன சுவத்தோட சாத்தி ரெண்டு விரலால என் எமையத் தூக்கிப் புடிச்சுக்கிட்டா. இன்னொரு கையால திட்டறா. ஒத்தக் கையால என்னத்தத் திட்ட முடியும்? பாதி வார்த்தைக்கு ரெண்டு கை வேணும். புடிச்ச விரல விட்டா நான் மூடிக்குவேன். அப்புறம் அவளுக்கே சிரிப்பு வந்துருச்சு. எனக்கும் வந்துருச்சு. இந்தக் கிளிப்பு அப்போ அவ கையில கெடச்சிருந்தா நான் என்னைக்கோ ஒழுங்கா ஆகியிருப்பேன்.

இப்போ பாருங்க, கண்ணு தொறந்தே இருக்கு. பார்க்கறதுக்கு அவ இல்ல, இந்த ஊதா லைட்டுதான் இருக்கு.

அழலம்மா. அது உங்க சொட்டு மருந்துதான் வழியுது. தொடைங்க, அவ்வளவுதான்.

இன்னும் எவ்வளவு நேரம்? ஆயிடுச்சா, கொஞ்சம்தானா. இது முடிஞ்சதும் கட்டுப் போடுவீங்களா? கட்டு இல்ல, பிளாஸ்டிக் மூடி. சரி. தெரியறதுக்கு எத்தன நாள் ஆகும்னு நீங்க சொல்ல மாட்டீங்க, மேடமும் சொல்ல மாட்டாங்க. கேக்கல, விடுங்க. கேட்டா சரியாயிடும், கேக்கலன்னா அடுத்தது. நான்தான் அவளுக்குச் சொன்னேனே, சரியாயிடும்னு.

என்னக் கையப் புடிச்சு வெளிய கூட்டிட்டுப் போறது நீங்கதானே? நேரா அவகிட்டயே கொண்டுபோய் விட்டுருங்க. பெஞ்சுல உக்கார வெச்சுட்டுப் போயிடாதீங்க. அவகிட்ட.

ஒண்ணும் இல்லம்மா. காலைல ஒண்ணு ஆச்சு. நீங்க என் பேரக் கூப்பிடறதுக்கு முன்னாடி அவ எழுந்து என் முன்னாடி வந்து நின்னா. பின்னாடி ஜன்னல், வெளிச்சம், அவ கறுப்பா ஒரு உருவம். கை அசைஞ்சுது. ரொம்ப நேரம் அசைஞ்சுது. இவ்வளவு நேரம் அவ ஒரே மூச்சாப் பேசி நான் பார்த்ததில்ல. நிறுத்தினா. நான் சரின்னு தலையாட்டினேன். பயப்படாதேன்னு சொல்லியிருப்பா, வேற என்ன சொல்லப் போறான்னு. அவ அப்படியே நின்னா. மறுபடியும் கை அசைஞ்சுது, இந்தத் தடவ சின்னதா. அதுக்கும் சரின்னேன். அப்புறம் ரெண்டு கையும் கீழ எறங்கிடுச்சு. அது மட்டும் எனக்கு நல்லாத் தெரிஞ்சுது.

என்ன கேட்டாளோ. உன்ன விட்டுட்டுப் போயிடட்டுமான்னு கேட்டிருந்தாலும் நான் சரின்னுதான் சொல்லியிருக்கேன். சரின்னு சொல்லவே முடியாத ஒண்ணாப் பார்த்துத்தான் கேட்டிருப்பா. அந்தப் பாவக்காயும் அதுக்குத்தான் போல. இங்க படுத்துக்கிட்டு இப்போதான் தோணுது. அன்னிக்கே அவளுக்குச் சந்தேகம். நான் நல்லாருக்குன்னு தின்னுக்கிட்டிருக்கேன், அவ பார்த்துக்கிட்டிருக்கா.

அதோட விடலம்மா அவ. பக்கத்துல உக்காந்து என் வலது கைய எடுத்து மடியில வெச்சு, விரல ஒவ்வொண்ணா விரிச்சா. உள்ளங்கையில அவ விரலால எழுத ஆரம்பிச்சா. ஸ்கூல்ல கன்னடம் படிச்சவ, எனக்கும் கன்னடம் வரும். மெதுவா, பெருசு பெருசா எழுதினா. மொத எழுத்து ‘நா’ன்னு நெனைக்கறேன். நான்னு ஏதோ சொல்ல வந்திருக்கா. நான் இருக்கேன்னா, நான் போறேன்னா, தெரியல. அதுக்குள்ள நான் கைய மூடிட்டேன்.

ஏன் மூடினேன்னு கேக்காதீங்க. பழக்கம்.

விரல ஆட்டாதீங்க ஆட்டாதீங்கன்னு நீங்க அப்போலேருந்து சொல்லிக்கிட்டிருக்கீங்களே, அது வேற ஒண்ணும் இல்ல, அவ எழுதினதத்தான் எழுதிப் பார்த்துக்கிட்டிருக்கேன். அந்த எழுத்துக்கு மேல போக வரல.

அணைச்சாச்சா? அப்பா. இன்னும் கண்ணுக்குள்ள ஊதாவாத்தான் இருக்கு. கிளிப்ப எடுங்கம்மா, கண்ண மூடிக்கறேன். இந்தத் துணியையும் கையிலேருந்து எடுத்துடுங்க. கை விரிஞ்சே இருக்கட்டும், இப்படியே அவகிட்டக் கொண்டுபோய் விட்டுருங்க.